எட்டாவது மணித்தியாலத்தில் வரும் ஆசை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 27 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு தனியார் கொம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் லப்டொப்பில் கேம் விளையாடுவேன். கரக்டர் ஒன்றை நாங்களே உருவாக்கி, கதைக்குள் போய், லெவல் ஏற்றி விளையாடுகிற ரோல் பிளேயிங் கேம்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

பிரச்சினை என்னவென்றால், ஒன்றையும் நான் முடித்ததில்லை. பால்டர்ஸ் கேட் 3 வாங்கி ஒன்றரை வருசம். 340 மணித்தியாலம் விளையாடியிருக்கிறேன் என்று, கேம் வாங்கிய ஸ்டீம் தளம் காட்டுகிறது. ஆனால் இரண்டாம் அக்ட்டை, அதாவது கதையின் இரண்டாம் பகுதியை, இன்னும் கண்ணால் காணவில்லை. எட்டு, பத்து மணித்தியாலம் போனதும் 'இது சரிவராது, வேறு கிளாஸ் எடுத்திருக்கலாம்' என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும். கிளாஸ் என்றால் வீரன், மந்திரவாதி, கள்ளன் என்று கரக்டருக்கு நாங்கள் தெரிவு செய்யும் தொழில். போன மாதம் என் பலடின் (சத்தியம் எடுத்துக்கொண்ட வீரன்) சத்தியத்தை மீறிவிட்டான் என்று திரையில் வந்தது. அதோடு அவனை விட்டுவிட்டு, அன்றிரவே ஒரு ரோக், அதாவது ஒரு கள்ளன், செய்தேன். முகம் செய்யவே ஒரு மணித்தியாலம் போனது. ஸ்கைரிமிலும் இதே கதைதான். கையைக் கட்டி வண்டியில் கொண்டுபோகும் அந்த முதல் காட்சி எனக்கு வரிக்கு வரி பாடம்.

சின்ன வயதிலும் நான் இப்படித்தான். புதுக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் தாளைக் கிழித்துவிடுவேன். அம்மா ஏசுவா. ஏ.எல். மட்ஸ் செய்து இரண்டு தரம் எடுத்தும் கம்பஸ் கிடைக்கவில்லை. பிறகு கணக்கியல் படித்து இந்த வேலைக்கு வந்தேன். இதை நிறுத்த வழி இருக்கிறதா? இது ஒரு வருத்தமா?

இன்னொன்று. அக்காவின் மகனுக்குப் பத்து வயது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அவனும் மைன்கிராஃப்டில் நாளுக்கொரு புது உலகம் தொடங்குகிறான். என்னைப் பார்த்துக் கெட்டுப்போகிறானோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

'இது ஒரு வருத்தமா' என்று கடைசியில்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேம் விளையாடுவது தொடர்பான ஒரு கோளாறு அதில் இருக்கிறது. அந்தக் கோளாறு என்று சொல்வதற்கு, எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்பது ஒருவரின் கையை மீறிப் போயிருக்க வேண்டும். வேலை, படிப்பு, வீட்டு உறவுகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டே முன்னுக்கு வந்திருக்க வேண்டும். கெடுதல் நடக்கிறது என்று தெரிந்த பிறகும் அது தொடர வேண்டும். இந்த நிலை வழக்கமாகப் 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உங்கள் 340 மணித்தியாலத்தை ஒன்றரை வருசத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம்கூட வராது. ஸ்கைரிமைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள். வீட்டுக்காரரோடு சண்டை என்றும் எழுதவில்லை.

ஆனால் வருத்தம் இல்லை என்பதற்காக 'ஒன்றுமில்லை, விடுங்கோ' என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுக்க அடுத்தவரின் கணக்கைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவருக்கு இரவில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய விசயம். அந்த நேரத்திலும் 'பிழைவிட்டுவிட்டேனோ' என்ற நினைப்பு வந்து குந்திக்கொண்டால், அது உங்களிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறது. அதைத் திருப்பி எடுக்கலாம்.

இந்தப் பழக்கம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. இந்த வகைக் கேம் விளையாடுகிறவர்கள் இதற்கு 'ரீஸ்டார்டைட்டிஸ்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். இதன் வேரும் பழையது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டைக் கொண்டுவந்தபோது, ஒரு கரக்டரின் பலமும் புத்தியும் சுறுசுறுப்பும் மூன்று பகடையை உருட்டித்தான் தீர்மானிக்கப்பட்டன. அந்த விதிகளை வைத்துச் செய்த முதலாவது பால்டர்ஸ் கேட் 1998இல் வந்தது. அதில் கரக்டர் செய்யும் திரையில் பகடையைத் திரும்ப உருட்ட ஒரு பொத்தான் இருந்தது. கதை தொடங்க முன்னரே அந்தப் பொத்தானை அமத்தி அமத்தி இருந்தவர்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டு வந்த டயப்லோ 2இல் ஒரு திறமைக்குப் புள்ளியைப் போட்டால் போட்டதுதான். அதைத் திரும்ப எடுக்கும் வழி 2010இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் பிழையான இடத்தில் புள்ளி போட்டவருக்கு முதலிலிருந்து தொடங்குவதை விட்டால் வேறு வழியில்லை. அப்போது அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

இப்போது வருகிற கேம்கள் அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி இங்கேதான் நிற்கிறது.

பால்டர்ஸ் கேட் 3இல் கப்பல் விழுந்த கரைக்குக் கிட்ட ஒரு பழைய நிலவறை இருக்கிறது. அதற்குள் விதர்ஸ் என்று ஒருவர், எலும்பும் தோலுமான உருவம். நீங்கள் அவரைத் தேடிப் போகாவிட்டாலும் பிறகு தானாகவே முகாமுக்கு வந்துவிடுவார். 100 தங்கக் காசு கொடுத்தால் உங்கள் கிளாஸையே மாற்றித் தருவார். பலடினை ரோக் ஆக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த நாளே திரும்பவும் பலடின் ஆக்கலாம். எத்தனை தரமும் செய்யலாம், கூட வருகிறவர்களையும் மாற்றலாம். முகம் பிடிக்கவில்லையா, முகாமில் அதற்கென்று ஒரு மாயக் கண்ணாடி இருக்கிறது. இனம், பின்னணி போன்ற ஒன்றிரண்டு மட்டும்தான் மாறாது. ரோக் விளையாட ஆசை வந்தால் அஸ்டாரியன் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார். விசார்ட், அதாவது மந்திரவாதி, வேண்டுமென்றால் கேல். நான்கு பேர் கொண்ட கூட்டத்தை நடத்துகிறவர் நான்கு கிளாஸைத் தன் கையாலேயே விளையாடுகிறார்.

ஸ்கைரிமில் கிளாஸ் என்று ஒன்றே இல்லை. எதைச் செய்கிறீர்களோ அது வளரும். தொடக்கத்தில் எந்த இனத்தை எடுத்தாலும், ஒரு திறமைக்கு 10 புள்ளியும் ஐந்து திறமைகளுக்கு 5 புள்ளி வீதமும்தான் கூடுதல். சில மணித்தியாலம் விளையாடினால் அந்த வித்தியாசம் கரைந்துபோகும். இனத்துக்கென்றுள்ள சிறப்புச் சக்திகள் மட்டும்தான் மிஞ்சும். 100க்கு வந்த ஒரு திறமையைத் திரும்ப 15க்கு இறக்கி, அதில் போட்ட புள்ளிகளையெல்லாம் மீட்டெடுக்கும் வழியும் 2013இல் சேர்ந்துவிட்டது. எல்டன் ரிங்கிலும் அப்படித்தான், தொடக்கத்தில் கேட்கும் பத்து கிளாஸும் நீங்கள் எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்பதை மட்டும்தான் முடிவு செய்கின்றன.

இனி அந்த பலடினின் விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் அதுதான்.

சத்தியம் மீறப்பட்டது என்று திரையில் வந்ததும் அவனை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். அந்த இரவு இன்னும் கொஞ்ச நேரம் இருந்து முகாமுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? கனத்த கவசம் போட்ட ஒரு வீரர் அங்கே உங்களுக்காக வந்து நின்றிருப்பார். தானும் சத்தியம் மீறிய ஒருவர். அவரோடு கதைக்கலாம், அவருடைய கதையைக் கேட்கலாம். சத்தியத்தைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் 1000 தங்கக் காசு கேட்பார். வேண்டாமென்றால், சத்தியம் மீறியவனாகவே புதிய சக்திகளோடு நடக்கும் ஒரு பாதையைக் காட்டுவார். அந்தப் பாதை சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே போகும் பலடினுக்குத் திறப்பதில்லை. கேமைச் செய்தவர்கள் உட்கார்ந்து எழுதி, ஆள் வைத்துப் பேசவைத்து, உங்களுக்கென்று ஆயத்தமாக வைத்திருந்த காட்சி அது. கேம் உடைந்துவிட்டது என்று நினைத்து அந்த வாசலிலேயே திரும்பிவிட்டீர்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான். எட்டாவது மணித்தியாலத்தில் 'பிழை' என்று உங்களுக்குத் தோன்றுவது பெரும்பாலும் பிழை இல்லை. அதுவரை வெறும் முகமும் எண்ணிக்கையுமாக இருந்த கரக்டருக்கு முதன்முதலாக ஒன்று நடந்திருக்கிறது. ஒருவர் செத்திருப்பார், ஒரு பூட்டுத் திறக்காமல் போயிருக்கும், ஒரு வாக்கு மீறப்பட்டிருக்கும். அந்த ஒன்று நடக்கும் வரை உங்கள் பலடினும் இன்னொருவருடைய பலடினும் ஒன்றுதான். அது நடந்த பிறகுதான் அவன் உங்களுடையவன் ஆகிறான். நீங்களோ ஒவ்வொரு தரமும் சரியாக அந்த இடத்தில் அவனைக் கைவிடுகிறீர்கள்.

அது ஏன் எட்டு, பத்து மணித்தியாலத்தில் வருகிறது? கேமின் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இல் இரண்டாவது லெவலுக்கு 300 அனுபவப் புள்ளி போதும். அடுத்ததற்கு 600. அதற்கு அடுத்ததற்கு 1800. ஐந்தாவது லெவலுக்கு இன்னும் 3800. முதல் சில மணித்தியாலம் எல்லாமே படபடவென்று வரும், ஒவ்வொரு இரவும் ஏதாவது புதிதாகக் கிடைக்கும். பிறகு இடைவெளி அகலும். அந்த நேரம் பார்த்துத்தான் கதையும் உங்களிடம் பாரமான முடிவுகளைக் கேட்கத் தொடங்கும். கிடைப்பது குறைந்து பொறுப்புக் கூடுகிற இடம் அது. புதுக் கரக்டர் செய்தால் திரும்பவும் படபடவென்று வரும் இடத்துக்குப் போய்விடலாம். மனம் அந்தக் குறுக்கு வழியைப் பழகிவிட்டது.

புதிய தொடக்கம் என்பதற்கே ஒரு தனி இழுவை உண்டு. 2014இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கிழமை தொடங்கும்போதும் மாதம் தொடங்கும்போதும் வருசம் பிறக்கும்போதும் ஆட்கள் உடற்பயிற்சிக்குப் போவதும், உணவுக் கட்டுப்பாடு பற்றி இணையத்தில் தேடுவதும் கூடுகிறது என்று காட்டினார்கள். பழைய தவறுகளெல்லாம் 'முந்தின' ஆளுடையவை, இனிமேல் நான் வேறு என்று அந்த நாட்களில் மனம் கணக்கை மூடிவிடுகிறது. நல்ல காரியத்துக்கு இது உதவும். உங்கள் விசயத்தில் ஒவ்வொரு புது முகமும் ஒரு வருசப் பிறப்பு ஆகிவிட்டது.

இன்னொரு ஆய்வும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டானியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002இல் வெளியிட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் புகைப்படக்கலை வகுப்பு வைத்தார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் எடுத்த படங்களில் மிகப் பிடித்த இரண்டைப் பெரிதாக அச்சிட்டார்கள். அதில் ஒன்றைத் தாங்கள் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பகுதியினருக்கு, கொடுத்தது கொடுத்ததுதான். மற்றப் பகுதியினருக்கு, மனம் மாறினால் சில நாட்களுக்குள் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். பிறகு கேட்டபோது, மாற்ற முடியாதவர்கள்தான் தங்கள் படத்தைக் கூடுதலாக விரும்பினார்கள். மாற்றலாம் என்றிருந்தவர்களுக்கு 'மற்றதை எடுத்திருக்கலாமோ' என்ற யோசனை ஓயவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, எந்த வகுப்பில் சேர விருப்பம் என்று முன்கூட்டிக் கேட்டால், மாற்றலாம் என்ற வகுப்பைத்தான் பெரும்பாலானோர் கேட்டார்கள். எது எங்களுக்கு நிம்மதி தரும் என்பதில் எங்கள் ஊகம் அவ்வளவு நம்பக்கூடியது அல்ல.

இனி, கொப்பியும் மட்ஸும். நீங்கள் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று உங்களுக்கே பட்டிருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பதினாறு வயதில், ஓ.எல். பெறுபேறு வந்த கையோடு, பயோவா மட்ஸா கொமர்ஸா என்று முடிவெடுக்க வேண்டும். மாமா, சித்தப்பா, ரியூசன் வாத்தியார், வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மா, எல்லாருக்கும் அதில் ஒரு அபிப்பிராயம் இருக்கும். பிறகு இசட் புள்ளி. அது குறைந்தால் செகண்ட் ஷை, அதுவும் குறைந்தால் தேர்ட் ஷை, அதோடு கதவு பூட்டு. முதலில் எடுத்த முடிவு பிழைத்தால் வாழ்க்கையே பிழைத்துவிடும் என்பதை நாங்கள் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை விட முகத்தால் சொல்கிறோம். உங்கள் கேம் பழக்கத்துக்கு இதுதான் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் கரக்டர் செய்யும் திரையில் பன்னிரண்டு கிளாஸும் வரிசையாக நிற்கும்போது உங்கள் வயிற்றில் வருகிற அந்தப் பதற்றம் எப்போது பழக்கமானது என்று ஒருக்கா ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். மட்ஸ் சரிவராமல் போனதற்குப் பிறகு நீங்கள் ஒரு தொழில் படித்திருக்கிறீர்கள், வேலை எடுத்திருக்கிறீர்கள், உழைக்கிறீர்கள். நடந்ததை அழிக்காமலே முன்னுக்கு வந்தவர் நீங்கள்.

கொப்பித் தாளையும் பார்ப்போம். நடுவில் கம்பி குத்திய கொப்பியில் முதல் தாளைக் கிழித்தால் பின்னால் அதன் மற்றப் பாதியும் கழன்று வரும். நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். உங்கள் தொழிலில் அப்படிச் செய்வீர்களா? பேரேட்டில் ஒரு பதிவு பிழைத்தால் பக்கத்தைக் கிழிக்கமாட்டீர்கள். பிழையை அப்படியே விட்டு, திருத்தப் பதிவு ஒன்று போட்டு, மேலே போவீர்கள். பிறகு பார்ப்பவருக்கு என்ன நடந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று இரண்டும் விளங்கும். பகலில் தினமும் செய்கிற அந்த வேலையைத்தான் இரவில் கேமிலும் செய்யச் சொல்கிறேன்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

'இனிமேல் திருப்பித் தொடங்கவே மாட்டேன்' என்று சபதம் எடுக்க வேண்டாம். அது உடையும், உடைந்ததும் அதையே ஒரு புதுத் தொடக்கத்துக்குக் காரணமாக்கிவிடுவீர்கள். இப்போது இருக்கும் சேவ்களில் ஆகக் கூடுதலாக முன்னேறிய ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். ஆகச் சிறந்ததைத் தேட வேண்டாம், ஆகத் தூரம் போனதை எடுங்கள். அது அந்த பலடினாக இருந்தால் எனக்குச் சந்தோசம்.

லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். பேனையால் எழுதுங்கள், தாள் கிழிக்காமல், பிழைத்தால் வெட்டிவிட்டு எழுதுங்கள். அந்த அரிப்பு வரும் இரவில் புதுக் கரக்டர் செய்யாமல், ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, மூன்று இரவு பொறுங்கள். மூன்றாம் இரவுக்குப் பிறகும் ஆசை அதே பலத்தில் இருந்தால் உங்கள் விருப்பம். பெரும்பாலும் அவ்வளவு பலத்தில் இருக்காது. அரிப்பு என்பது ஏறி, உச்சத்துக்கு வந்து, இறங்குகிற ஒன்று. அது இறங்கும் வரை நீங்கள் ஒரு தரமும் இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எழுதிய வரிகளைக் கொஞ்ச நாள் கழித்துப் பாருங்கள். காரணம் சண்டையில் தோற்பதாக இருந்தால் விதர்ஸிடம் போங்கள், அல்லது கேமை ஒரு படி இலகுவாக்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காரணம் கதையில் நடந்த ஒன்றாக இருந்தால், அது எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்கும் வரை தொடருங்கள். 'அலுப்படிக்குது' என்று எழுதியிருந்தால் அன்றைக்கு லப்டொப்பை மூடிவிட்டுப் படுங்கள், அல்லது வேறு ஏதாவது சின்னக் கேம் விளையாடுங்கள். அலுப்புக்கு மருந்து புது முகம் இல்லை.

இன்னொரு காரணம் அந்தக் கொப்பியில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்: விட்ட இடம் மறந்துபோவது. மாத முடிவில் கணக்கு முடிக்கும் நாட்களில் ஒரு கிழமை, பத்து நாள் விளையாடியிருக்கமாட்டீர்கள். திரும்ப வந்து திறந்தால் யாரிடம் என்ன கதைத்தோம், எந்தப் பக்கம் போக இருந்தோம் ஒன்றும் நினைவில்லை. அப்போது முதலிலிருந்து தொடங்குவது இலகுவாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு இரவும் மூட முன்னர், நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். ஒரு வேலை முடிந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்தது தொடங்கிய இடத்தில் நிறுத்தினால் இன்னும் நல்லது. எங்கே போகிறோம் என்று தெரிந்தால் திரும்பி வருவது பாரமாக இருக்காது.

இந்தக் கதை ஓடும் வரைக்கும் யூரியூப்பில் 'ஆகச் சிறந்த பில்ட்' (கரக்டரை வளர்த்தெடுக்கும் முறை) காட்டும் வீடியோக்களை நிறுத்திவையுங்கள். அவற்றில் பல, பன்னிரண்டாம் லெவலில், எல்லாச் சாமானும் கிடைத்த பிறகு எடுத்தவை. நாலாம் லெவலில் நிற்கும் உங்கள் ஆளை அதோடு வைத்துப் பார்த்தால் அவன் எப்படியும் குறைந்தவனாகத்தான் தெரிவான். புதுக் கரக்டருக்கு நல்ல யோசனை ஒன்று வந்தால் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்தக் கதை முடிந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

சிலர் ஒற்றைச் சேவ் மட்டும் இருக்கும் ஹொனர் மோட்டில் விளையாடச் சொல்வார்கள், பின்வாங்க வழியில்லாமல் இருந்தால் பழகிவிடும் என்று. உங்களுக்கு நான் அதை இப்போது சொல்லமாட்டேன். அதில் கூட்டம் முழுவதும் செத்தால் அந்தச் சவால் அதோடு முடிந்தது. பிழைவிடப் பயப்படுகிற ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் பயம்தான் கூடும்.

ஒரு விசயத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த 'சரியாக வரும் வரை திருப்பிச் செய்' என்ற நெருக்குதல் கேமைத் தாண்டி வேறு இடங்களுக்கும் வருகிறதா? ஒரு ஈமெயிலை அனுப்ப முடியாமல் திரும்பத் திரும்ப எழுதுவது, பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் போய்ப் பார்ப்பது, கை கழுவினால் நிறுத்த முடியாமல் இருப்பது, அதனால் வேலைக்கு நேரம் பிந்துவது, நித்திரை கெடுவது. அப்படி ஏதாவது இருந்தால் அது வேறு கதை, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், காசு தேவையில்லை. போக முதல் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றிருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. தெரிந்து வைத்திருக்கச் சொல்கிறேன்.

அக்காவின் மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பத்து வயதில் மைன்கிராஃப்டில் புது உலகம் தொடங்குவதே ஒரு விளையாட்டு. ஒவ்வொரு தரமும் மலையும் கடலும் குகையும் வேறு மாதிரி வரும்படிதான் அந்தக் கேமைச் செய்திருக்கிறார்கள். கட்டாயம் முடிக்க வேண்டிய கதையும் அதில் இல்லை. அவன் பதற்றத்தோடு அழித்து அழித்துத் தொடங்குகிறானா, அல்லது சந்தோசமாகத் தொடங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். சந்தோசமாக என்றால் அவனுக்கும் உங்களுக்கும் நடப்பது ஒன்றல்ல. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பால்டர்ஸ் கேட் 3 ஐரோப்பியத் தரப்படுத்தலில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதில் வரும் இரத்தமும் படுக்கைக் காட்சிகளும் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடியவை அல்ல. அவன் படுத்த பிறகு அதைத் திறவுங்கள். அவன் முழித்திருக்கும் நேரத்தில் அவனுடைய கேமுக்குள் நீங்கள் போங்கள். இன்றைக்குத் தொடங்கிய உலகத்தைக் காட்டச் சொல்லுங்கள், நாளைக்கும் இதிலேயே வந்து இரண்டு பேருமாக ஒரு வீடு கட்டுவோமா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.